ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது: நெரிசலில் மட்டும் சூடேறிய ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

“ஹெட்டைக் கழட்டியே ஆகணும்னு சொல்லிட்டாங்க தம்பி. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

வண்டியை விட்டு இறங்கியதும் உரிமையாளர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். ஹெட் என்றால் எஞ்சினின் சிலிண்டர்களை மேலே மூடுகிற பகுதி. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், ஒன்பது வயதான சிறிய கார். 1,10,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரே ஒரு ஃபேன், அதற்கு ஒரே வேகம், ஒரு ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்), ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ். இதைவிட எளிமையான குளிர்விப்பு அமைப்பு இருக்க முடியாது. ஆனாலும் மூன்று மாதமாக நான்கு பேர் கைவைத்தும் தீரவில்லை.

அவரை உட்காரவைத்து, நேரம் எடுத்துப் பேசவைத்தேன். நெரிசலில் ஏசி போட்டு நின்றால் இருபது நிமிடத்தில் டேஷ்போர்டில் வெப்ப முள் ஏறுகிறது. திறந்த சாலையில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. வாரத்துக்கு அரை லிட்டர் போலக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) குறைகிறது, வீட்டில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். அப்புறம், கேட்காமலேயே ஒன்று சொன்னார்: “ஏசியும் முன்ன மாதிரி இல்ல. ஓடும்போது நல்லா இருக்கு, சிக்னல்ல நின்னா காத்து சூடாயிடுது. கேஸ் குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டேன். ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால், அதை ஒட்டியே நிற்கிறது. இரண்டுக்கும் காற்றை இழுத்துக் கொடுப்பது அதே ஃபேன்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று வந்து வேலையைப் பார்த்துவிடும். மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் ஃபேன் இருக்கிறதா இல்லையா என்பதே பெரிய விஷயமில்லை. நின்றால் மட்டும்தான் ஃபேனின் தேவை தெரியும். நின்றால் எஞ்சினும் சூடாகிறது, நின்றால் ஏசியும் குளிர்விக்கவில்லை என்றால், இரண்டு நோய் இல்லை, ஒரே நோய்.

ஏற்கெனவே செய்தவை

முதலில் போன இடத்தில், கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். இது பல பேர் செய்கிற வேலை, எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத வேலை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் வேலை செய்யவேண்டிய சூட்டுக்கு வரவே வெகுநேரம் ஆகும். எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினியான ஈசியூ எஞ்சினைக் குளிர்ந்ததாகவே நினைத்து அதிகப் பெட்ரோலை விடும். நெரிசலில் நின்றால் எப்படியும் சூடேறத்தான் செய்யும், ஏனென்றால் ரேடியேட்டருக்குள் போன சூடு வெளியேறக் காற்று வேண்டும். இரண்டாவது இடத்தில் 82 டிகிரியில் திறக்கிற புது தெர்மோஸ்டாட் போட்டார்கள், அது நல்லது. கூடவே ரசாயனம் ஊற்றி ரேடியேட்டரை உள்ளே கழுவினார்கள். மூன்றாவது இடத்தில் வாட்டர் பம்பும் ஃபேன் ரிலேவும் மாறின. நான்காவது இடத்தில், கூலன்ட் குறைவதைப் பார்த்து, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

நால்வரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நால்வருமே ஃபேனைப் பார்த்திருக்கிறார்கள். “ஃபேன் சுத்துது” என்று நால்வருமே சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையும்கூட.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை முதலில் தீர்த்தது

என் ஊகம் ஃபேன் பக்கம்தான் இருந்தது. ஆனால் வந்தவரின் பயம் ஹெட்டைப் பற்றி. தவிர, ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால் மற்ற சோதனைகளின் எண்களையெல்லாம் அது குழப்பிவிடும். அதனால் வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் அதிலிருந்தே தொடங்கினேன்.

குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்) ஸ்டார்ட் செய்து பார்த்தேன். விடாத குமிழிகள் இல்லை. மூடியைப் போட்டபின் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால் மெதுவாகத்தான் இறுகியது. கேஸ்கெட் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் போனால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி ஆகிவிடும். அடுத்து பிரஷர் டெஸ்டரை மாட்டி 1.1 பார் ஏற்றிப் பதினைந்து நிமிடம் விட்டேன். டெஸ்டரின் முள் அசையவில்லை. வெளியிலும் கசிவில்லை, உள்ளேயும் இல்லை. கடைசியாக நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் வைக்கிற கண்ணாடிக் குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி, ஓடுகிற எஞ்சினின் கூலன்டுக்கு மேல் உள்ள காற்றை அதன் வழியாக உறிஞ்சவேண்டும். அதில் எரிந்த வாயுவின் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை இருமுறை செய்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

“ஹெட்டை யாரும் தொட வேணாம் சார்” என்று அவருக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன். காரணம் இன்னும் தெரியாத நிலையில் அப்படிச் சொல்லலாமா என்று கேட்கலாம். இல்லாத நோய்க்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல, இருக்கிற நோயின் பெயர் தெரியவேண்டியதில்லை.

அப்படியானால் கூலன்ட் எங்கே போகிறது? ரேடியேட்டர் மூடியைச் சோதித்தேன். மேலே 1.1 என்று அச்சிட்டிருந்தது. டெஸ்டரில் 0.6 பார் வந்ததுமே ஸ்பிரிங் வழிவிட்டது, அடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்துக் காய்ந்திருந்தது. மூடி வெறும் மூடியல்ல. வெறும் தண்ணீரே 1.1 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 121 டிகிரி வரை கொதிக்காது. 0.6 பாரில் அந்த எல்லை 113-க்கு இறங்கிவிடும். கூலன்டின் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் உறைநிலை மைனஸ் 10 என்று காட்டியது. கூலன்டின் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரவேண்டும். அதாவது வாராவாரம் தண்ணீர் ஊற்றியதில் கிளைகால் கால் பங்குகூட மிஞ்சவில்லை. சென்சார் இருக்கிற இடத்தைவிட ஹெட்டுக்குள் எக்சாஸ்ட் வால்வைச் சுற்றிய இடங்கள் எப்போதும் அதிகச் சூடாகவே இருக்கும். சென்சார் 108 காட்டும்போது அங்கே கொதி தொடங்கிவிடும், அந்த நீராவி கூலன்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளும், டேங்க் நிரம்பி வழியும். வாரத்துக்கு அரை லிட்டர் போனது இந்த வழியில்தான். கூலன்ட் குறைந்தது சூட்டின் விளைவு, அதைக் காரணமாக எடுத்துக்கொண்டதுதான் நான்காவது இடத்தில் நடந்த பிழை.

மூடியை அப்போதே மாற்றவில்லை. சூடேறுவதை அதே நிலையில் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது எவ்வளவு காரணம் என்று தெரியும்.

ஸ்கேனர் காட்டியதும் காட்டாததும்

டேஷ்போர்டு முள்ளை நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது. பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 80 டிகிரியிலிருந்து 105 வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்று. முள் நகரத் தொடங்கும்போது பாதிக் கதை முடிந்துபோயிருக்கும். ஆகவே ஸ்கேனரை மாட்டினேன்.

பதிவான பிழைக் குறி ஒன்றுகூட இல்லை. சென்சாரைச் சரிபார்த்தேன்: இரவு முழுக்க நின்ற எஞ்சினில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டும் 29 என்று இருந்தன. எஞ்சின் சூடான பிறகு தெர்மோஸ்டாட் வாயில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் சென்சாரோடு ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். சென்சார் உண்மை பேசுகிறது.

வெளியே 36 டிகிரி வெயில். ஏசி இல்லாமல் ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓட) விட்டேன். இந்த வண்டியில் 98 டிகிரிக்கு ஃபேன் வரவேண்டும், 93-க்கு நிற்க வேண்டும். 98-இல் சரியாக வந்தது. ஆனால் நிற்கவில்லை. ஏழு நிமிடம் ஓடியும் சூடு இறங்காமல் 100, 101 என்று மெல்ல ஊர்ந்தது. நல்ல நிலையில் இருக்கிற வண்டியில் இரண்டு நிமிடத்துக்குள் 93-க்கு வந்து ஃபேன் நின்றிருக்க வேண்டும். ஏசியைப் போட்டேன். 22-ஆவது நிமிடத்தில் 109. டேஷ்போர்டு முள் 107-க்குப் பிறகுதான் அசைந்தது. ஏசி காற்று வாயில் வைத்த வெப்பமானி 19 டிகிரி காட்டியது. அதற்கு மேல் வைத்துப் பார்க்காமல் ஏசியை நிறுத்தி, வண்டியை வெளியே எடுத்து 60-இல் ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் 89-க்கு வந்துவிட்டது, ஏசி காற்றும் 9 டிகிரி.

ரேடியேட்டரின் இரண்டு முனைகளிலும் சூட்டை அளந்தது இன்னொரு சாட்சி. ஐடிலில் உள்ளே போகிற பக்கம் 104, வெளியே வருகிற பக்கம் 97. தண்ணீர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் போன சூட்டோடு அப்படியே திரும்பி வருகிறது. உள்ளே அடைத்திருந்தால் ரேடியேட்டரின் முகத்தில் அங்கங்கே குளிர்ந்த திட்டுகள் கிடைக்கும், அப்படி எதுவும் இல்லை. பம்ப் சரி, தெர்மோஸ்டாட் சரி, ரேடியேட்டரின் உட்புறமும் சரி. சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்றுதான் இல்லை.

ஸ்கேனரில் ஃபேன் “ஆன்” என்றே இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் பல பேர் ஏமாறுகிறார்கள். இந்த மாதிரி எளிய அமைப்பில் ஈசியூ செய்வது ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் விடுவது மட்டும்தான். சுருள் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ பி0480 போன்ற குறி வரும். ரிலேயைத் தாண்டி மோட்டாரில் என்ன நடக்கிறது, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பார்க்க அதற்குக் கண்ணே கிடையாது. “ஆன்” என்பது “நான் சொல்லிவிட்டேன்” என்று அர்த்தம், “அது செய்துவிட்டது” என்று அர்த்தமில்லை.

13 வோல்ட்

என்னிடம் வேலை கற்கும் பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். “அண்ணே, ஃபேன் நல்லாத்தானே சுத்துது?” என்றான்.

கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணால் பார்த்தால் எந்த ஃபேனும் நன்றாகச் சுற்றுவது போலத்தான் தெரியும், இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாத வேகம் வந்துவிட்டால் அதன் பாதி வேகமும் முழு வேகமும் கண்ணுக்கு ஒன்றுதான். காதுக்கு அப்படியல்ல. இந்த அளவு ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேச முடியாது, காற்று இரையும். அவன் என்னிடம் சாதாரணக் குரலில்தான் கேட்டான். ஒரு தாளை எடுத்து முன் கிரில்லில் வைத்தேன். ஒட்டியது, ஆனால் ஓரம் துடித்தது, லேசாக விரலால் தட்டியதும் விழுந்துவிட்டது.

இப்போது மல்டிமீட்டர். ஃபேனின் கப்ளரை (வயர் இணைப்பானை) கழற்றி, வயரிங் பக்கத்து இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 13.1 வோல்ட். பையன் என்னைப் பார்த்தான். டெஸ்ட் லாம்பை வைத்தால் பளிச்சென்று எரிந்தது. எனக்கு முன்னால் பார்த்த யாரோ இதே சோதனையைச் செய்து, “கரண்ட் முழுசா வருது, ஃபேன் பக்கம் பிரச்சினை இல்லை” என்று நகர்ந்திருப்பார்.

இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. தண்ணீர்க் குழாயை ஒருவர் நடுவில் மிதித்துக்கொண்டு நிற்கிறார் என்று வையுங்கள். முனை மூடியிருக்கும்வரை முனையில் அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். மீட்டர் கிட்டத்தட்ட எதையுமே உறிஞ்சாது, டெஸ்ட் லாம்ப் மிகக் கொஞ்சம் உறிஞ்சும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதே கப்ளரில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினேன், அது நாலரை ஆம்பியர் இழுக்கும். மீட்டர் 11.5-க்கு இறங்கியது. பல்பு எரிந்தது, கொஞ்சம் மங்கலாக. பையனின் முகம் மாறியதை அங்கேதான் பார்த்தேன்.

கப்ளரைத் திரும்ப மாட்டி, பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசிமுனைகளைச் செருகி, ஃபேன் ஓடும்போதே அளந்தேன். (எஞ்சினை நிறுத்தியிருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் தானாகக் கிளம்பும், கையும் வயரும் இறக்கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.) பேட்டரியில் 13.2 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 9.1. கிளாம்ப் மீட்டரில் 11 ஆம்பியர். நாலு வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கோ தொலைகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்கப் பாதையை இரண்டாகப் பிரித்தால் போதும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டாரின் பாசிட்டிவ் முனைவரை 0.3 வோல்ட். ஃப்யூஸ், ரிலே, வயர், கப்ளர் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் என்றால் அந்தப் பக்கம் ஆரோக்கியம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து மோட்டாரின் நெகட்டிவ் முனைவரை 3.8 வோல்ட். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

மோட்டார் மேல் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது என்று, தடித்த ஜம்பர் வயர் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக மோட்டாரின் எர்த் முனைக்கு (பாடித் தகட்டின் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற நெகட்டிவ் பக்கம்) வைத்தேன். வைத்த நொடியில் ஃபேனின் குரல் ஏறியது. முனகிக்கொண்டிருந்தது இரைந்தது. கிளாம்ப் மீட்டர் 18 ஆம்பியருக்குத் தாவியது. பையன் தாளைக் கிரில்லுக்குக் கொண்டுபோனதுமே அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அறைந்து ஒட்டியது. ஜம்பரை எடுத்தால் பழைய முனகல். இரண்டு மூன்று முறை அவனே வைத்து வைத்து எடுத்துப் பார்த்தான், நான் தடுக்கவில்லை.

ஒரு போல்ட்

எர்த் வயரைத் தொடர்ந்து போனேன். இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், உள் பாடித் தகட்டில் ஒரு 10 மில்லிமீட்டர் தலை போல்ட். அதில் இரண்டு வளைய முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன: ஃபேனிலிருந்து வருகிற தடித்த கறுப்பு வயர், கூடவே மெல்லிய கறுப்பு வயர் ஒன்று. அந்த மெல்லியது எங்கே போகிறது என்று அப்போது நான் பார்க்கவில்லை.

போல்ட் இறுக்கமாகவே இருந்தது, ஸ்பேனருக்கு அசையவில்லை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மீட்டரின் ஒரு முனையை வளையத்திலும், மறுமுனையைப் பக்கத்தில் சுரண்டிய தகட்டிலும் வைத்தேன்: 3.6 வோல்ட். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம்கூட இல்லை.

ஃபேனைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுத் திரும்ப அளந்தபோது நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. மோட்டாரில் 7.2 வோல்ட், 7.6 ஆம்பியர், எர்த் பக்கம் தொலைவது 5.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 44 வாட். ஒரு சால்டரிங் அயன் எரிகிற அளவு சூடு, அந்தப் போல்ட்டின் அடியில். விரலை வைத்தேன், சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது. இணைப்பு சூடாகச் சூடாகத் தடை ஏறுகிறது, தடை ஏற ஏற ஃபேன் மெதுவாகிறது. உடனே ஏறாமல் இருபது நிமிடம் கழித்து முள் ஏறியதற்குக் காரணம் இதுதான். வண்டி ஆறியபின் யார் வந்து பார்த்தாலும் ஃபேன் ஓரளவு வேகமாகவே கிளம்பும்.

போல்ட்டைக் கழற்றியதும் எல்லாம் புரிந்தது. வளையத்துக்கு அடியில் தகடு பளபளவென்று வண்டியின் நிறத்திலேயே இருந்தது. பெயிண்ட். முழு வட்டமாக, உடையாத பெயிண்ட். அதில் வளையம் பதிந்த தடம் மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தது. மின்சாரம் தகட்டுக்குப் போக இருந்த ஒரே வழி போல்ட்டின் மரைகள், அந்த மரைகளுக்குள்ளும் பெயிண்ட் புகுந்து துரு பூத்திருந்தது. வளைய முனையின் செம்பு நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, வயரின் மேலுறை அரை அங்குலத்துக்கு விறைத்துப்போயிருந்தது.

உரிமையாளரிடம் கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன்னால் முன்பக்கம் லேசாக இடித்து, தகடு தட்டிப் பெயிண்ட் அடித்தார்களாம். “அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்றார். சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்க வேண்டியது நான். வண்டி வந்த அன்றே, சூட்டைப் பற்றி மட்டும் கேட்காமல், இந்த ஒரு வருடத்தில் வண்டியில் வேறு என்னென்ன வேலை நடந்தது என்று கேட்டிருந்தால் நேராக அந்த மூலைக்குப் போயிருப்பேன். இப்போது அந்தக் கேள்வி என் வரவேற்புத் தாளில் இரண்டாவது வரியாக இருக்கிறது.

சரிசெய்தது

போல்ட் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரிய வைத்தோம். மரைகளைச் சுத்தம் செய்து புதுப் போல்ட் போட்டோம். கருகிய வயரைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, புது வளைய முனையைக் கிரிம்ப் செய்தோம். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூசினோம், துரு பிடிக்காமல் இருக்க. இரும்பைச் சுரண்டிவிட்டு அப்படியே விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அதே கதை திரும்ப வரும்.

மறு அளவீடு: மோட்டாரில் 12.5 வோல்ட், 18 ஆம்பியர், எர்த் பக்கம் 0.1 வோல்ட்.

வேறு எதையும் தொடாமல் அதே வெயிலில் அதே சோதனை. ஏசி போட்டு நாற்பது நிமிடம் ஐடிலில் நின்றது. உச்சம் 99. 109 எங்கே, 99 எங்கே. அத்தோடு வண்டியைக் கொடுத்திருந்தால் அவர் சந்தோஷமாகவே போயிருப்பார். எனக்கு அந்த 99 பிடிக்கவில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது இன்னும் கீழே இருக்க வேண்டும்.

ஃபேனைச் சுற்றியுள்ள உறையான ஷ்ரவுடையும் ரேடியேட்டரையும் தளர்த்திச் சாய்த்துப் பார்த்தோம். முன்னாலிருந்து பார்த்தால் கன்டென்சர் சுத்தம், பின்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தம். இரண்டுக்கும் நடுவே, விரல் நுழையாத அந்த இடைவெளியில், கீழ்ப் பாதி முழுக்கக் கம்பளி மாதிரி ஒரு படலம்: தூசி, முடி, காய்ந்த புல், பூச்சிச் சிறகு எல்லாம் சேர்ந்து அமுங்கியது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துண்டாக உரிந்து வந்தது. பிரஷர் வாஷரை முன்னாலிருந்து அடிக்கும்போதெல்லாம் அழுக்கு கன்டென்சரைத் தாண்டி இங்கே வந்துதான் தங்குகிறது. பின்னாலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அதிக அழுத்தம் வைத்தால் ஃபின்கள் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) மடிந்து படுத்துவிடும்.

அப்புறம் 1.1 பார் புது மூடி. பழைய கூலன்டை முழுக்க வடித்து, எஞ்சினுக்குப் பரிந்துரைத்த வகையில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். ஹீட்டரைத் திறந்துவைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபேன் இரண்டு முறை வந்து நிற்கும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினோம். உள்ளே காற்று தங்கிவிட்டால் இவ்வளவு வேலையும் வீண், அடுத்த நாளே சூடேறுகிறது என்று வண்டி திரும்பி வரும்.

கடைசி அளவீடு: 36 டிகிரி வெயிலில், ஏசியோடு, நாற்பது நிமிட ஐடிலில் 94, 95. ரேடியேட்டருக்கு உள்ளே போவது 94, வெளியே வருவது 83. ஏசி காற்று நின்ற இடத்திலேயே 11 டிகிரி. கேஸ் ஒரு சொட்டும் ஏற்றவில்லை. ஏசி இல்லாமல் விட்டால் 98-க்கு ஃபேன் வந்து, ஒன்றரை நிமிடத்தில் 93-க்கு இறங்கித் தானாக நின்றது. மூன்று மாதத்தில் அந்த ஃபேன் ஐடிலில் தானாக நின்றது அநேகமாக அதுதான் முதல் முறை.

பிறகு

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்லி அனுப்பினேன். 109 டிகிரிவரை பல முறை போய்வந்த அலுமினிய ஹெட் அது. அளவுக்கு மீறிச் சூடேறிய ஹெட் நூலளவு வளைந்தாலும் பின்னால் கேஸ்கெட்டை வாங்கும் என்பதால் எனக்கு அந்தக் கோட்டின் மேல் கண் இருந்தது. மூன்று வாரம் கழித்து நானே கூப்பிட்டேன். கோடும் கூலன்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்றார்.

போனை வைக்கப் போகும்போது, “இன்னொண்ணு தம்பி” என்றார். “இடது பக்க ஹெட்லைட் ரொம்ப நாளா மங்கலா இருந்துச்சு. ரெண்டு தடவை பல்பு மாத்தியும் சரியாகல. உங்ககிட்ட வந்ததுல இருந்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரியுது. அதையும் பாத்தீங்களா?”

அந்த மெல்லிய கறுப்பு வயர் அதுதான்.